ரெண்டு பேருக்கு ஒரு டென்ட்டு

— பதிமூணு பேரா!

— பதிமூணு எங்க? பன்னெண்டரை. அக்காவோட கடைக்குட்டி யார் மடியிலயாவது தொத்திக்கும். அதுக்கெல்லாம் சீட்டுக் கணக்கு கெடையாது.

— நான் எத்தன பேருன்னு சொன்னேன்?

— ரெண்டுன்னுதான் சொன்ன. அட, கேளேன் முழுசா. பதினாலு சீட்டு வண்டிய ரெண்டே பேருக்காக கடல் வரைக்கும் உருட்டிட்டுப் போனா பாக்குறவன் என்ன நினைப்பான்? இவனுக்கு ஆள் கெடைக்கல, பாவம்னு நினைப்பான்.

— உங்க வேன நான் கேட்டேனா? பஸ்ல போறேன்னுதான சொன்னேன்.

— புருஷன் வேன் ஓட்டுறான், பொண்டாட்டி பஸ்ல போவாளா? ஸ்டாண்டுல என் மானம் கப்பலேறிடும். சரி சரி, ஜிப்பத் திற. மொகத்தப் பாத்துப் பேசுவோம்.

— திறக்கமாட்டேன். வேலையா இருக்கேன்.

— ஹாலுக்கு நடுவுல டென்ட்டப் போட்டு, உள்ள போயி உக்காந்துகிட்டு, என்ன வேல?

— ஓட்ட பாக்குறேன். எங்க கம்பெனில எந்த டென்ட்டு தைச்சு முடிச்சாலும் ஒருத்தி உள்ள போயி மூடிக்கணும். வெளிச்சம் எட்டிப் பாக்குற எடத்துலல்லாம் சாக்பீஸால வட்டம் போடணும். பதினெட்டு வருஷமா அந்த ஒருத்தி நான்தான். ஊருக்கே பாத்தேன், இது நானே எடுத்து நானே தைச்சது. இன்னும் நல்லாப் பாக்க வேணாமா?

— மத்தியானம் சாப்பிட்டுட்டு உள்ள போன. டீ நேரமே வந்துடுச்சு. அவ்வளவு ஓட்டையா?

— ஓட்ட டென்ட்டுல இல்ல. நீங்க வெளிய நின்னு போன்ல பேசுனதெல்லாம் உள்ள நல்லாவே கேட்டுச்சு. மொதல்ல அக்கா. சரி, கூடப் பொறந்தவங்கன்னு விட்டேன். அப்புறம் எங்கண்ணன். அப்புறம் உங்க கூட்டாளி, அந்த ரேடியேட்டரு.

— ரேடியேட்டர் பாவம்மா. மெக்கானிக் பொழப்பு, நாள் பூரா எவனோட வண்டிக்கு அடியிலயோ மல்லாந்து கெடக்கான். ஒரு தடவ வானத்தப் பாத்துப் படுக்கட்டுமேன்னு கூப்ட்டேன்.

— கீழ் வீட்டு ஹெட்மாஸ்டரு எதுக்கு?

— படியில எதிர்ல வந்தாரு. நாளைக்கி எங்கயோ கிளம்புற மாதிரி இருக்கேன்னு கேட்டாரு. கேட்ட மனுஷனக் கூப்பிடாம எப்படி?

— முடி வெட்டுறவரு?

— கத்திரிக்கோல் காதுகிட்ட ஓடிட்டு இருக்கும்போது வாய சும்மா வெச்சிருக்க முடியுமா? பேச்சுவாக்குல சொல்லிட்டேன். மனுஷனுக்கு மூஞ்சி அப்படியே மலந்துடுச்சு.

— இன்னும் ஒரு சீட்டு காலியா இருக்கே. உங்களுக்குத் தூக்கம் வருமா?

— அதத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன். உங்க சூப்பர்வைசரம்மா நாளைக்கி சும்மாத்தான இருப்பாங்க?

— மொதல்ல ஒரு எடத்துல உக்காருங்க.

— உக்காந்துதான் இருக்கேன்.

— உக்காந்த ஆளோட நிழலு ஏன் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடக்குது? துணில நல்லாத் தெரியுது. அந்தச் சாவிக்கொத்தையும் கீழ வைங்க. காதுல யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு.

— வெச்சுட்டேன். போதுமா? மெதுவா பேசு, அம்மா முழிச்சுக்கப் போறாங்க.

— அத்தை தூங்குறாங்களா?

— ரூம் கதவு சாத்தியிருக்கு, உள்ள ரேடியோ பாடுது. ரேடியோ பாடுனா அம்மா தூங்குறாங்கன்னு அர்த்தம். அத நிறுத்திப் பாரு, டபக்குனு எழுந்துடுவாங்க. நான் பொறந்ததுலேருந்து அப்படித்தான்.

— உங்க பதிமூணுல அத்தையும் உண்டா?

— பின்ன, அம்மாவ விட்டுட்டா? இன்னும் அவங்ககிட்ட சொல்லல. எழுந்ததும் சொல்லிக்கலாம். நமக்குள்ள பேசிக்கிறதுதான, ஒரு மரியாதைக்குத்தான் சேத்தேன்.

— இப்ப அத்தை பேச்சு வேணாம்.

— அட, கேளேன். கடக்காத்து மூட்டு வலிக்கு ஆகாது. மணல்ல நாலு அடி நடந்தா நாப்பது தடவ நிப்பாங்க. ராத்திரி பூரா இருமல். பொழுது விடிஞ்சா அந்த டெலிபோன் கதைய ஆரம்பிச்சுடுவாங்க.

— வேணாம்னு சொல்றேன்ல.

— முப்பது வருஷம் எக்ஸ்சேஞ்ச்ல உக்காந்து ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்தாங்க. சரி. கடலோரத்து எக்ஸ்சேஞ்ச்ல இருந்த எவளோ ஒருத்தி, ஒரு நாள் லைன் சும்மா இருந்தப்போ, ரிசீவர ஜன்னலுக்கு வெளிய நீட்டி இவங்களுக்கு அலை சத்தத்தக் கேக்க வெச்சாளாம். அதுவும் சரி. அதையே எத்தன தடவ கேக்குறது? ரேடியேட்டருக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

— அந்தக் கதைய அத்தன தடவ கேட்டீங்களே, ஒரு தடவையாவது அவங்கள நேர்ல கூட்டிட்டுப் போயி காட்டுனீங்களா?

— போகணும்னுதான் இருந்தேன். ஆள் சேரல.

— ஆள் சேரலையா! பெத்த அம்மாவக் கூட்டிட்டுப் போக ஆள் சேரணுமா?

— சரி விடு. உள்ள என்ன இருமல்? சளி புடிச்சிருக்கா?

— தூசி. புதுத் துணி அப்படித்தான். ஒரு டீ போட்டுக் குடுங்களேன். நின்னுட்டே இருக்கறதுக்கு அடுப்புகிட்டயாவது போயி நில்லுங்க.

— டீயா, இதோ. சக்கரை டப்பா எங்க? ஆங், கெடச்சுடுச்சு.

— பால் பொங்கிடப் போவுது, பாருங்க.

— நான் பாக்காத பாலா? இந்தா. அடியில ஜிப்பக் கொஞ்சம் தூக்கு. ரெண்டு டம்ளர் இருக்கு, பாத்து. ஒண்ணு உனக்கு, ஒண்ணு... ஏய், ரெண்டையும் உள்ள இழுத்துட்ட!

— தாகம்.

— ஒண்ணு எனக்கும்மா.

— பாத்திரத்துல மிச்சம் இருக்கும், ஊத்திக்கோங்க.

— நல்ல கதையா இருக்கே. சரி, வந்த வேலைய பேசுவோம். தட்டு, பாயி, பெரிய அடுப்பு, ஸ்பீக்கரு எல்லாம் இன்னிக்கே ஏத்திடுறேன். டென்ட்ட எங்க போடுறது? அலைக்குக் கிட்டக்க போட்டா ஜோரா இருக்கும்ல?

— ஜோராத்தான் இருக்கும். விடியிறதுக்குள்ள தலகாணியோட மிதப்பீங்க. அலை காயப்போட்டுட்டுப் போன குப்பை ஒரு கோடு மாதிரி கெடக்கும். அந்தக் கோட்டுக்கு ரொம்ப மேல, மரத்துக்கு முன்னாடி போடணும். வாசல் காத்துக்கு முதுகு காட்டணும்.

— ஆணி அடிச்சா மணல்ல நிக்குமா?

— நிக்காது. பையில மணல ரொப்பி, கயித்துல கட்டி, குழி தோண்டிப் புதைக்கணும். அதுக்குன்னு ஆறு பை தனியாத் தைச்சு வெச்சிருக்கேன்.

— பை எதுக்கு? பதிமூணு பேரும் ஆளுக்கொரு கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னா டென்ட்டு எங்க பறக்கப் போவுது?

— சிரிப்பு வரல எனக்கு.

— சும்மா சொன்னேன்மா. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. டென்ட்டு நீளம் பத்தாது. நேத்து நீ கடைக்குப் போனப்போ உள்ள படுத்துப் பாத்தேன். தல அந்தக் கோடியில முட்டுது, முட்டிக்குக் கீழ பூரா வாசலுக்கு வெளிய. பதினெட்டு வருஷத் தையல்காரி, புருஷன் நீளத்தக் கோட்ட விட்டுட்டா!

— அளவெடுத்துதான் தைச்சேன்.

— எப்ப எடுத்த? நான் தூங்கும்போதா? கால மடக்கிப் படுத்திருப்பேன், அதான் கொறஞ்சுடுச்சு.

— அளவுல நான் தப்புப் பண்றதில்ல.

— அப்ப மெஷின் பக்கத்துல ஒரு துண்டு சுருட்டி வெச்சிருக்கியே, அது எதுக்கு? அத ஒட்டியிருந்தா சரியாப் போயிருக்கும்.

— அது மிச்சம். பையாத் தைச்சுடலாம்னு எடுத்தேன். வெட்டக் கை வரல. இருக்கட்டும்னு வெச்சேன்.

— எதுக்கு இருக்கட்டும்?

— தெரியல. நடக்காதீங்கன்னு சொன்னேன்ல! பாருங்க, கீழருந்து ஹெட்மாஸ்டர் குச்சியால தட்டுறாரு.

— நாளைக்கி கூட வரப்போற மனுஷன், இன்னைக்கி ஒரு நாள் பொறுத்துக்க மாட்டாரா? சரி, நின்னுட்டேன். இப்ப சொல்லு. என்மேல என்ன கோவம்?

— கல்யாணம் முடிஞ்சு மலைக்குப் போனோமே, எத்தன பேரு?

— அது எங்க ஸ்டாண்டுப் பசங்க குடுத்த பரிசு. வண்டியே அவங்களோடது. வண்டி குடுத்தவனப் பாத்து நீ வராதடான்னு சொல்ல முடியுமா?

— புதுப் பொண்ணுக்கு ஜன்னல் சீட்டு கூடக் கெடைக்கல.

— வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு, உனக்கு வாந்தி வருமேன்னு நடுவுல உக்கார வெச்சோம்.

— ஜன்னலோரம் உக்காந்தாத்தான் வாந்தி வராது!

— அது அப்ப தெரியல.

— சரி, அது சிரிச்சுக்கிட்டே சொல்ற கதை. நானே எங்க கம்பெனில எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சிருக்கேன். ஆனா பாப்பாவ ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தோமே, அத என்னால சிரிச்சுக்கிட்டு சொல்ல முடியல.

— அத எதுக்கு இப்ப எடுக்குற?

— இப்ப எடுக்கலன்னா எப்ப எடுக்குறது? நாளைக்கி பதிமூணு பேர் நடுவுல எடுக்கவா? கேட்டுக்கு உள்ள நின்னு கைய ஆட்டுனா புள்ள. வண்டி தெருமுனை திரும்புற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். திரும்புனதும் அழுதுக்கலாம், நீங்கதான பக்கத்துலன்னு நினைச்சேன். நீங்க என்ன பண்ணீங்க?

— பஸ் ஸ்டாண்டுல நிறுத்துனேன்.

— நிறுத்தி?

— ஆள் ஏத்துனேன்.

— "வாங்க வாங்க, நேராப் போற வண்டி"ன்னு கதவத் தட்டித் தட்டிக் கூவுனீங்க. பெத்த பொண்ண விட்டுட்டு வர்ற வண்டில வழியில போறவங்க எல்லாம். என் மடியில ஒரு அம்மா அவங்க பூசணிக்காயத் தூக்கி வெச்சுட்டாங்க. அந்தப் பூசணிக்காயக் கட்டிப் புடிச்சுக்கிட்டே வீடு வரைக்கும் வந்தேன். எனக்கு அழக்கூட எடமில்லங்க அந்த வண்டில.

— அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?

— எங்க சொல்றது? வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டல, ரேடியேட்டர் வந்து உக்காந்துட்டாரு. மறுநாள் நீங்க சவாரி போயிட்டீங்க. அன்னையிலேருந்து நீங்களும் நானும் பேசுனது என்ன? கேஸ் தீந்துடுச்சு. சாவி எங்க. கதவச் சாத்து. வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க பாப்போம். அட, நிழல் ஏன் கீழ எறங்கிடுச்சு? என்னங்க? என்ன ஆச்சு?

— ஒண்ணுமில்ல. தரையில உக்காந்தேன். நீதான உக்காரச் சொன்ன.

— ம்.

— அன்னைக்கி நான் யார்கிட்டயும் காசு வாங்கல. அது தெரியுமா உனக்கு?

— என்னது?

— ஒருத்தர்கிட்டயும் வாங்கல. அந்தப் பூசணிக்கா அம்மா எறங்கும்போது நீட்டுனாங்க, வேணாம்னுட்டேன். லூசுன்னு நினைச்சிருப்பாங்க.

— காசுக்கு இல்லன்னா அப்புறம் எதுக்கு ஏத்துனீங்க?

— கண்ணாடி இருக்குல்ல, பின்னாடி சீட்டெல்லாம் தெரியுமே, அந்தக் கண்ணாடி. போகும்போது அதுல பாத்துட்டே போனேன். பாப்பா மூணாவது சீட்டுல கால நீட்டிக்கிட்டு வாயத் தொறந்து தூங்கிட்டு வந்தா. வரும்போதும் பழக்க தோஷத்துல பாத்தேன். சீட்டு மட்டும் இருந்துச்சு. அவ சாஞ்ச எடத்துல ஒரு குழி கூட அப்படியே இருந்துச்சு. எனக்கு ரோடு தெரியலம்மா. கண்ண மறைச்சுடுச்சு. உன் பக்கம் திரும்பி ஒரு வார்த்த பேசியிருந்தேன்னா வண்டிய எங்கயாவது எறக்கியிருப்பேன். அதான் எவனாவது வந்து அந்தச் சீட்டுல உக்காரட்டும்னு நிறுத்துனேன்.

— ஓரமா நிறுத்தியிருக்கலாமே. ரெண்டு பேரும் சேந்து அழுதுட்டு வந்திருப்போம்.

— அப்படிச் செய்யலாம்னே எனக்குத் தோணல. காலி சீட்டப் பாத்தா ஆள் ஏத்தத்தான் தெரியும் எனக்கு. வேற எதுவும் தெரியாது.

— அழறீங்களா?

— டீ ஆறிப்போச்சு. அதான்.

— டீ ஆறுனா யாராவது மூக்க உறிஞ்சுவாங்களா?

— நீ மட்டும் என்னவாம்? உள்ளருந்தும் சத்தம் வருது. ரெண்டு பேர் அழுற மாதிரில்ல வருது.

— வரும் வரும். நாளைக்கி விஷயத்தச் சொல்லுங்க.

— பயமா இருக்கும்மா. உண்மையாத்தான் சொல்றேன். நீயும் நானும் மட்டும் அங்க போயி உக்காந்தா என்ன பேசுறது? வீட்டுலயே பேச்சு வரல. "காத்து நல்லா வருது"ன்னு ஒரு தடவ சொல்லலாம். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவ சொல்லலாம். அப்புறம்? நீ கடலப் பாப்ப, நான் வேனப் பாப்பேன். அந்த மாதிரி உக்காந்திருக்கறதுக்குப் பயந்துதான் ஒவ்வொருத்தனுக்கா போன் போட்டேன்.

— மத்தியானத்துலேருந்து இப்ப நாம என்ன பண்ணிட்டிருக்கோம்?

— சண்ட போட்டுட்டிருக்கோம்.

— அதுக்குப் பேச்சுன்னுதாங்க பேரு. துணிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உக்காந்து இவ்வளவு பேசியிருக்கோம். ஒரே பக்கம் உக்காந்தா பேச முடியாதா?

— முடியுமா?

— எனக்கும் தெரியாது. பாத்தாத்தான் தெரியும்.

— அப்ப எல்லாருக்கும் போன் பண்ணி வண்டி ரிப்பேர்னு சொல்லிடுறேன்.

— சொல்லுங்க. அடுத்த நிமிஷம் ரேடியேட்டர் ஸ்பானரோட வாசல்ல வந்து நிப்பாரு.

— அதுவும் சரிதான். உண்மையத்தான் சொல்லணுமா?

— உங்க இஷ்டம்.

— அக்கா, நான்தான் பேசுறேன். நாளைக்கி நீங்க வர வேணாம்க்கா. வண்டி நல்லாத்தான் இருக்கு. நாங்க ரெண்டு பேரு மட்டும் போறோம். ஏன்னா... ஏன்னா அவகூடப் பேசணும். சிரிக்காதக்கா. ஆமா, கல்யாணமாகி இருவது வருஷம் ஆச்சுதான். அதனாலதான் பேசணும்ங்கிறேன். அத்தான்கிட்ட சொல்லிடு. வெச்சுடுறேன்.

— என்ன சொன்னாங்க?

— இப்பவாவது புத்தி வந்துச்சேன்னாங்க. இரு, அடுத்தது. டேய் ரேடியேட்டரு! என்ன, பையெல்லாம் கட்டிட்டியா? அவுத்துடு. கோவிச்சுக்காதடா, உன்ன இன்னொரு நாள் தனியாக் கூட்டிட்டுப் போயி வானத்தக் காட்டுறேன். உன் மச்சினன்கிட்டயும் சொல்லிடு. என்னது? கண்ணாடிய தொடச்சுட்டுப் போகவா? சரிடா, தொடைக்கிறேன்.

— எங்கண்ணன்?

— மெசேஜ் போட்டுட்டேன். நேர்ல பேசுனா இளகிடுவேன். முடி வெட்டுறவருக்குப் போற வழியில சொல்லிக்கிறேன். ஹெட்மாஸ்டருக்குச் சொல்லவே வேணாம், நம்ம பேசுனது மொத்தமும் அவருக்கு அங்க கேட்டிருக்கும்.

— இன்னும் ஒருத்தர் பாக்கி.

— அம்மா. அவங்ககிட்டதான் இன்னும் சொல்லவே இல்லையே. கூப்பிடாத ஆளுக்கு வேணாம்னு சொல்ற வேல மிச்சம்.

— அப்படியா?

— என்ன அப்படியாங்கிற? சரி, சொல்லிடுறேன். நீ கேட்டியே, ஒரு தடவையாவது நேர்ல காட்டுனீங்களான்னு. அது அப்பவே புடிச்சு உள்ள குத்திட்டே இருக்கு. எனக்குன்னா ரோட்டுல போறவனெல்லாம் ஏத்தத் தெரியுது, பெத்தவளக் கூட்டிட்டுப் போகத் தெரியல. அடுத்த தடவ அம்மாதான். ஆள் சேந்தாலும் சரி, சேராட்டியும் சரி, அவங்கள மட்டும் உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேன். இப்பவாவது திறயேன். ரெண்டே சீட்டு, நீயும் நானும். கால மடக்கிப் படுத்துக்கிறேன், போதுமா?

— திறக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். ரெண்டு பேருன்னு நான் சொன்னேன். அந்த ரெண்டாவது ஆளு நீங்கன்னு எப்பவாவது சொன்னேனா?

— என்னம்மா சொல்ற?

— பூசணிக்காயோட வந்தேனே, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே உங்களக் கேக்கறதில்லன்னு. அதுக்கப்புறம்தான் துணி வாங்குனேன். அளவுல நான் தப்புப் பண்றதில்லன்னு ரெண்டு தடவ சொல்லிட்டேன், நீங்கதான் காதுல வாங்கல.

— அப்ப இது யார் நீளம்? யாருக்கு அளவெடுத்துத் தைச்ச?

— எனக்குத்தான்டா. உன் டீயில சக்கரை பத்தல. நகந்துக்க, மத்தியானத்துலேருந்து உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போச்சு. அந்த மிச்சத் துணிய எடுத்துக் குடு, அவ உன் காலுக்கு ஒட்டுப் போடட்டும். நான் வேன்லயே படுத்துக்கிறேன், ஜன்னல மட்டும் திறந்து வை.